அட்டைப் படத்தில் அறிவு ஏன் இல்லை? ஒரு மியூசிக் மேகசின் போட்டோஷூட்டுக்குள் நடப்பது என்ன?

2021 ஆகஸ்ட். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து ஊர் மெல்லத் திறந்துகொண்டிருந்த நேரம். 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அந்த மாத அட்டைப் படத்தை சமூக வலைத்தளங்களில் வெளியிட்டது. படத்தில் இரண்டு பேர். ஒருவர் பாடகி தீ. இன்னொருவர் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால். உலகமே அறிந்த ஒரு இசை இதழின் இந்தியப் பதிப்பில் இரண்டு தமிழ் முகங்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தானே?

கொண்டாட்டம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. காரணம், அட்டையோடு வந்த அறிமுக வாசகம் 'என்ஜாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டு பாடல்களின் வெற்றியைச் சொல்லி அவர்களை அறிமுகப்படுத்தியது. 'என்ஜாயி எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. 'நீயே ஒளி'யிலும் பாடலாசிரியராக அவர் பெயர் இருக்கிறது. அட்டையில் மட்டும் அவர் இல்லை.

'சார்பட்டா பரம்பரை' படத்தின் இயக்குநர் பா.இரஞ்சித் ட்விட்டரில் இதை நேரடியாகக் கேட்டார். 'நீயே ஒளி' அவர் படத்துக்காக உருவான பாடல். அறிவு மறுபடியும் கண்ணுக்குத் தெரியாதவராக ஆக்கப்பட்டிருக்கிறார், அந்த இரண்டு பாடல்களின் வரிகளே இப்படிப்பட்ட மறைப்பைத்தான் எதிர்க்கின்றன, இதைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். 'மறுபடியும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே பாடலுக்கு பிரெஞ்சு இசைக் கலைஞர் டிஜே ஸ்நேக் செய்த ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைக்கப்பட்ட விளம்பரப் பலகையிலும் தீ இருந்தார், டிஜே ஸ்நேக் இருந்தார், அறிவு இல்லை.

இதழ் தரப்பு தந்த விளக்கம்: இது அந்த இரு கலைஞர்களின் வரவிருக்கும் ஆல்பங்களை ஒட்டிய அட்டைக் கட்டுரை. சில நாட்களில் அறிவை மட்டும் வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியானது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். சாதி, உழைப்புக்கான அங்கீகாரம், யாருடைய பாட்டு யாருக்குச் சொந்தம் என்று அப்போதே நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது அதற்கு ஒரு படி முந்தைய கேள்வி. ஒரு அட்டைப் படத்தில் யார் நிற்பார் என்று எந்தக் கட்டத்தில், யாரால் முடிவு செய்யப்படுகிறது? படம் எடுத்த பிறகு அதில் என்னவெல்லாம் மாறுகிறது?

கேமரா வெளியே வருவதற்கு முன்பே

விஸ்காம் படித்தவர்களுக்கு ஒரு அசைன்மென்ட் பழக்கமாக இருக்கும்: "ஒரு பாப் மியூசிக் மேகசினுக்கு அட்டை டிசைன் பண்ணிட்டு வாங்க." காட்டாங்கொளத்தூர், பொத்தேரி, மறைமலை நகர் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் சனிக்கிழமை காலையில் நின்றால், கிட்டாரைக் கையில் பிடித்தபடி போஸ் கொடுக்கும் ஒரு மாணவரும் ரிஃப்ளெக்டரைத் தூக்கிப் பிடித்தபடி சலித்துப்போன அவருடைய நண்பரும் கண்ணில் படலாம். நிஜ இதழ்களிலும் வேலை ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது. பணமும் பதற்றமும் மட்டும் அதிகம்.

முதலில் எடிட்டோரியல் கூட்டம். அந்த மாதக் கதை என்ன, எந்த ஆல்பம் வெளியாகிறது, எந்த லேபிளின் விளம்பரப் பிரிவு எந்தக் கலைஞரை முன்வைக்கிறது என்பதெல்லாம் இங்கே பேசப்படும். அடுத்து ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பிரீஃப். எத்தனை பேர், என்ன மனநிலை, என்ன நிறம் என்று அதில் இருக்கும். பிறகு மூட்போர்டு: பழைய அட்டைகள், சினிமா ஸ்டில்கள், துணி மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டிப் பார்ப்பது. அதன் பிறகுதான் லொக்கேஷன் பார்ப்பது, ஸ்டைலிஸ்ட், மேக்கப், ஷாட் லிஸ்ட், கால் ஷீட் எல்லாம்.

இதில் போட்டோகிராபர் எங்கே வருகிறார்? பெரும்பாலும் பிரீஃப் எழுதப்பட்ட பிறகுதான். யார் படத்தில் இருக்க வேண்டும் என்ற முடிவு அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். அதனால் 'அட்டையில் அவர் ஏன் இல்லை' என்று போட்டோகிராபரிடம் கேட்பது, கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயர் விடுபட்டதற்கு பிரிண்டிங் பிரஸ்காரரைப் பிடித்துத் திட்டுவது மாதிரி.

2021 அட்டையின் விஷயமும் இதுதான் என்பது என் கணிப்பு. 'ஆல்பம் வரப்போகிற இரண்டு பேர்' என்பது ஒரு பிரீஃப். 'இந்த இரண்டு பாடல்களைக் கொண்டாடுவோம்' என்பது வேறொரு பிரீஃப். முதலாவதற்கு எடுத்த படத்தின் மேல் இரண்டாவதற்கான வாசகத்தை ஒட்டினால், படத்தில் ஒரு காலி இடம் தெரிய ஆரம்பித்துவிடும். வாசகம் ஆல்பங்களை மட்டும் பேசியிருந்தால் கோபம் இவ்வளவு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். படம் அதேதான். அதன் பக்கத்தில் வைத்த வார்த்தைகள்தான் அதை வேறொன்றாக மாற்றின.

ஆனால் இதை வெறும் வாசகப் பிழை என்று சொல்லிவிட்டு நகர்வதும் சரியில்லை. 'என்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாடல் பிறந்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி வீடியோவிலும் வருகிறார். நிலத்தில் உழைத்தவர்களுக்கு அந்த நிலமே இல்லாமல் போனதைப் பாடும் பாட்டு அது. அந்தப் பாட்டைச் சொல்லி விற்கும் ஒரு அட்டையில் அதை எழுதியவரே இல்லையென்றால், கோபம் வரத்தானே செய்யும்?

அடுத்த ஆண்டும் இதே கேள்வி வந்தது, இந்த முறை மேடையில். 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடக்குழி மாரியம்மாளும் அந்தப் பாடலைப் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை, அவர் அப்போது அமெரிக்காவில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு இன்ஸ்டாகிராமில் அவர் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். பாடலின் மெட்டும் வரிகளும் தன்னுடைய உழைப்பு என்றார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்போ அதை கூட்டு முயற்சி என்றது. வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டவை என்றும் விளக்கம் தந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு திருப்பம். அந்தப் பாடலிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோ வெளியிட்டார். அவர் குறை சொன்னது பாடலை வெளியிட்ட மாஜ்ஜா நிறுவனத்தை.

"அவள் இல்லாமல் நான் நிற்கமாட்டேன்"

ஃப்ரேமில் யார் என்ற சண்டை ரோலிங் ஸ்டோனுக்குப் புதிதல்ல. 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்த இதழின் முதல் அட்டையிலேயே ஜான் லெனான் இருந்தார். 1980 டிசம்பர் 8 அன்று, அதே லெனானைப் படமெடுக்க போட்டோகிராபர் ஆனி லீபோவிட்ஸ் நியூயார்க்கில் அவர் வீட்டுக்குப் போனார். இதழ் கேட்டது லெனானை மட்டும். மனைவி யோகோ ஓனோவும் அட்டையில் இருந்தாக வேண்டும் என்று லெனான் பிடிவாதமாக இருந்தார். உடையில்லாமல் சுருண்டு படுத்தபடி, கறுப்பு உடையில் இருக்கும் ஓனோவை அவர் கட்டிக்கொண்டிருக்கும் படம் அன்று எடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில், அதே வீட்டு வாசலில் லெனான் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1981 ஜனவரி 22 இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. இதழின் பெயரைத் தவிர வேறு ஒரு எழுத்துகூட இல்லை. 2005-ல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம் கடந்த 40 ஆண்டுகளின் சிறந்த அட்டையாக அதைத் தேர்ந்தெடுத்தது.

இதழ் எழுதிய பிரீஃபைக் கலைஞர் மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கேட்டவர் ஜான் லெனான். முதல் முறையாக அட்டைக்குக் கூப்பிடப்படும் ஒரு சுயாதீனக் கலைஞர், 'என்னோட சேர்ந்து பாடினவரும் வரணும்' என்று சொன்னால் கேட்பார்களா? பெரும்பாலும் அவரிடம் கேட்கக்கூட மாட்டார்கள்.

எடிட்டிங்: ஆரஞ்சு ஸ்லைடரின் அரசியல்

இனி இரண்டாம் பாதி. ஷூட் முடிந்தது, நூற்றுக்கணக்கான ரா ஃபைல்கள் கையில் இருக்கின்றன. முதல் வேலை கழித்துக்கட்டுவது. கண் மூடியவை, ஃபோகஸ் போனவை எல்லாம் போய் இருபது முப்பது மிஞ்சும். அதிலிருந்து அட்டைக்கு ஒன்று. தேர்வு செய்யும்போது 'நல்ல படம்' மட்டும் பார்க்கமாட்டார்கள். மேலே இதழின் பெயர் உட்கார இடம் வேண்டும். இடப்பக்கம் தலைப்புகளுக்கு வெற்றிடம் வேண்டும். அதே படம் இன்ஸ்டாகிராமுக்காக வெட்டினாலும் நிற்க வேண்டும். மூன்று பேர் நிற்கும் படத்தில் ஓரத்தில் நிற்பவர்தான் முதலில் வெட்டுப்படுவார். அதனால்தான் பேண்ட் போட்டோ எடுக்கும்போது யார் ஓரம் என்பதில் அவ்வளவு கவனம் வேண்டும்.

அதன் பிறகு வருவது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், நிறம். இங்கேதான் ஒரு சின்ன ஸ்லைடர் இருக்கிறது. லைட்ரூமில் ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நம் ஊர்த் தோல் நிறங்கள் பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளில் பதிவாகும். ஆரஞ்சின் ஒளிர்வைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், சட்டை மாறாது, பின்னணி மாறாது, முகம் மட்டும் 'பளிச்' ஆகிவிடும். கல்யாண ஆல்பம் பார்த்திருப்பீர்களே, மாப்பிள்ளையை அடையாளம் தெரியாத அளவுக்கு? அதே வேலைதான்.

செய்பவர் பெரும்பாலும் இதைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. 'கொஞ்சம் பிரைட் பண்ணுங்க' என்று யாராவது சொல்வார்கள், கை தானாக அங்கே போகும். இந்தப் பழக்கத்துக்கு வரலாறு உண்டு. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கொடுத்த மாதிரி அட்டைக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பல ஆண்டுகள் அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி என்று பொருள். அடர்நிறத் தோலின் நுணுக்கங்கள் அதில் கரைந்துபோயின. பிறகு கோடாக் இதைச் சரிசெய்யத் தொடங்கியதற்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? தங்கள் சாக்லேட்டும் மர மேஜையும் படத்தில் சரியாக வரவில்லை என்று அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் புகார் செய்தன! மனிதர்களைவிட மேஜைக்குச் செல்வாக்கு அதிகமாக இருந்த காலம். கூகுள் தன் பிக்ஸல் போனில் 'ரியல் டோன்' என்ற பெயரில் அடர்நிறத் தோலுக்கான மேம்பாடுகளை அறிமுகப்படுத்தியது 2021-ல்தான்.

தோலோடு முடிவதில்லை. 2017 அக்டோபரில் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழின் வார இதழ் பாடகி சொலாஞ்ச் நோல்ஸை அட்டையில் போட்டது. அவர் தலையில் கிரீடம்போலச் சுற்றி உயர்ந்திருந்த பின்னலை யாரோ டிஜிட்டலில் அழித்துவிட்டார்கள். 'என் முடியைத் தொடாதே' என்ற பொருளில் ஒரு பாடலையே முந்தைய ஆண்டில் வெளியிட்டவர் அவர்! அசல் படத்தை அவர் இன்ஸ்டாகிராமில் போட, இதழ் மன்னிப்பு கேட்டது. இதழின் பெயருக்கு இடம் வேண்டும் என்பதற்காக அழித்தார்களோ என்னவோ, அந்தப் பின்னல்தான் படத்தின் விஷயமே என்பது அழித்தவருக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2015-ல், நடிகையும் பாடகியுமான ஜெண்டாயா இதையே செய்தார். 'மோடலிஸ்ட்' என்ற இதழ் அவர் இடுப்பையும் உடலையும் மெலிதாக்கியிருந்தது. அசலையும் எடிட் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பதிவிட, இதழ் அந்தப் படங்களைத் திரும்பப் பெற்றது. இரண்டு சம்பவங்களிலும் ஒரு பொதுவான விஷயம்: அசல் ஃபைல் கலைஞரிடம் இருந்தது. அது இல்லையென்றால் யார் நம்பியிருப்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் 'திருத்தப்பட்ட படம்' என்று அதில் போட வேண்டும். நார்வேயில் விளம்பரங்களுக்கும் இன்ஃப்ளூயன்ஸர்களுக்கும் 2022 ஜூலை முதல் இதுபோன்ற விதி. இந்தியாவில் 2026 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஐடி விதிகள் திருத்தம் நிஜம்போலத் தோன்றும் செயற்கைப் படங்கள், வீடியோக்களுக்கு லேபிள் கேட்கிறது. ஆனால் நிறத்தைச் சரிசெய்வது மாதிரியான வழக்கமான எடிட்டிங்குக்கு விலக்கு உண்டு. அதாவது வராத ஒரு டிரம்மரை ஏஐ வைத்து பேண்ட் போட்டோவில் நிறுத்தினால் நீங்கள் லேபிளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆரஞ்சு ஸ்லைடரைப் பற்றி யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

அடுத்து, படம் யாருக்குச் சொந்தம்? 'நான்தானே கிளிக் பண்ணினேன், எனக்குத்தான்' என்று பல இளம் போட்டோகிராபர்கள் நினைக்கிறார்கள். பாதி சரி. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். ஆனால் பிரிவு 17 ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, கேட்டு எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. இதழில் மாதச் சம்பளத்தில் வேலை செய்பவர் எடுத்த படம் என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை இதழுக்கு. உரிமை கைமாறினாலும் பிரிவு 57 எடுத்தவருக்கு ஒன்றை விட்டுவைக்கிறது. தன் பெயரைக் கோரலாம், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம்.

படத்தில் நிற்பவருக்கு? காப்புரிமைச் சட்டத்தில் எதுவும் இல்லை. தன் பெயரும் முகமும் வணிகத்துக்குப் பயன்படுத்தப்படுவதை எதிர்க்கும் ஆளுமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரில் எடுக்கப்பட்ட இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்ற வழக்கு நினைவிருக்கலாம். ஆனால் அது 'என்னைப் பயன்படுத்தாதே' என்று கேட்கும் உரிமை. 'என்னை ஏன் விட்டாய்' என்று கேட்க ஒரு பிரிவும் இல்லை. அறிவின் விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல் ட்விட்டருக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் எல்லாம் கால் ஷீட்டுக்கு முன்னால் எழுதும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் பேண்ட் ஒரு ஷூட்டுக்குப் போகிறது என்றால் மெயிலில் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்: படத்தோடு எந்தப் பாடலின் பெயர் வரும்? அந்தப் பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோருடைய பெயரும் எங்கே வரும்? தோல் நிறம், முடி, உடல் வடிவம் இவற்றை உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றமாட்டார்களா? இறுதிப் படத்தை வெளியாகும் முன் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான இதழ்கள் 'முடியாது' என்பார்கள், அது எடிட்டோரியல் சுதந்திரம் என்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. முதல் மூன்றுக்கு 'முடியாது' என்றால் காரணத்தைக் கேட்கலாம்.

ஜி.எஸ்.டி ரோடு பக்கம் ஷூட் பண்ணப்போறீங்களா?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை லொக்கேஷனுக்குப் பஞ்சமில்லை: ஏரிக்கரை, தொழிற்சாலைச் சுவர், மேம்பாலத்தின் அடி நிழல். எல்லோருக்கும் பிடித்தது ரயில் தண்டவாளம். அதுதான் வேண்டாம். ரயில்வே சட்டம் பிரிவு 147-ன்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கும் ஆபத்து. பிளாட்ஃபாரத்தில் தொழில்முறை ஷூட் என்றால் தெற்கு ரயில்வேயிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

ட்ரோன் ஷாட் ஆசை இருந்தால், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி மீனம்பாக்கம் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்குக் குறைவான குட்டி ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகை இந்தத் தடையை நீக்காது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கிறது. நீங்கள் நிற்கப்போகும் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.